பாட்டோடு வரும் கதைக்கு ஓர் அடுக்கு

கேள்வி இதுதான். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்து நூலகம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் மேல்நாட்டு இசை நாடகமான ஓபராவின் கதைகளாக ஏழெட்டு ஆங்கிலப் படநூல்களை அனுப்பியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் வாங்கப் பணமும் தருகிறேன் என்கிறார். எவற்றை வைத்துக்கொள்வது, எந்தப் பகுப்பெண்ணில் அடுக்குவது, ஓபரா என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைகளிடம் இதை எப்படிக் கொண்டுபோவது?

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவாகிவிடுங்கள். ஓபராப் புத்தகம் என்ற பெயரில் வரும் பல படநூல்களில் கதை மட்டுமே இருக்கும், பாட்டு இருக்காது. இளவரசன், பாம்பு, மந்திரப் புல்லாங்குழல் எல்லாம் வரும். எந்த இடத்தில் யார் எதற்காகப் பாடினார் என்பது மட்டும் வராது. அது இன்னொரு ராஜா ராணிக் கதை, அவ்வளவுதான். அதற்காக ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து இறக்குமதிப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பாட்டைத் தேடிப் போகவைக்கிற புத்தகம்தான் இந்த அடுக்குக்கு வேண்டும்.

வாங்கும் முன் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். தலைப்புப் பக்கத்திலோ பின்பக்கத்திலோ இசையமைத்தவர் பெயரும், பாட்டும் வசனமும் எழுதியவர் பெயரும் இருக்கின்றனவா? ஒரு பாட்டின் முதலடியாவது, ஒலிப்பதிவைத் தேடி எடுக்கும் அளவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? பிறகு கதையைப் பாருங்கள். ஹம்பர்டிங்க் இசையமைத்த 'ஹான்சலும் கிரெட்டலும்' 1893 டிசம்பர் 23 அன்று வைமார் நகரில் அரங்கேறியது. பாட்டு எழுதியவர் அவருடைய தங்கை அடெல்ஹைட் வெட்டே. அதில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் கொடுமைக்காரச் சிற்றன்னை கிடையாது. வீட்டில் இருந்த ஒரே பால் குடம் உடைந்த ஆத்திரத்தில் பெற்ற தாயே "போய் ஸ்ட்ராபெர்ரி பறித்து வாருங்கள்" என்று விரட்டிவிடுகிறாள். கையிலுள்ள புத்தகத்தில் சிற்றன்னை வந்தால் அது கிரிம் சகோதரர்களின் கதை. ஓபரா இல்லை. சின்ட்ரெல்லாவுக்கும் இதே சோதனை பொருந்தும். ரொசினி 1817-இல் ரோமில் அரங்கேற்றிய ஓபராவில் கண்ணாடிச் செருப்பும் இல்லை, மந்திரக்கோல் தேவதையும் இல்லை. அடையாளத்துக்குக் கொடுப்பது ஒரு வளையல். கொடுமைப்படுத்துபவர் மாற்றாந்தந்தை. உதவி செய்பவர் இளவரசனின் ஆசிரியர். செருப்பு இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பொதுக் கதை அடுக்குக்கு அனுப்பிவிடுங்கள். தள்ளிவிட வேண்டாம், இடம்தான் வேறு.

எந்தெந்தக் கதைகள் என்றால், ஆறிலிருந்து எட்டு வயதுக்கு 'ஹான்சலும் கிரெட்டலும்', மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இரண்டும் போதும். எட்டு வயதுக்கு மேல் ரவேல் இசையமைத்த ஒன்று உண்டு. வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று ஒரு பையன் அறையிலுள்ள எல்லாவற்றையும் உடைக்கிறான். நாற்காலி, கடிகாரம், தேநீர்க் கோப்பை எல்லாம் உயிர்பெற்று அவனிடம் கணக்குக் கேட்கின்றன. 1925-இல் வந்தது, முழுவதும் முக்கால் மணி நேரம்தான். செக் நாட்டு யானசெக்கின் 'தந்திரக்கார நரிக்குட்டி' 1924-இல் வந்தது. ஒரு செய்தித்தாளில் படங்களோடு வந்த தொடர்கதைதான் அதற்கு மூலம். காமிக்ஸ் பிரியர்களை இதைக் காட்டி இழுக்கலாம்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு புத்தகங்கள். வெர்டியின் 'ஐடா'வில் நாயகியாகப் பாடிப் புகழ்பெற்ற லியோன்டைன் பிரைஸ் தாமே அந்தக் கதையைச் சிறுவர்களுக்குச் சொல்லி 1990-இல் வந்த படநூல் ஒன்று. பாடியவரே சொல்வதால் கதையின் எடை எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுகிறது. முடிவு கல்லறைக்குள் என்பதால் சிறியவர்களுக்கு வேண்டாம். அடுத்தது 'புருன்டிபார்'. ஹான்ஸ் கிராசா இசையமைத்து, பிள்ளைகளே நடித்துப் பாடிய குட்டி ஓபரா. நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த யூதச் சிறுவர்கள் இதை 55 முறை நடித்தார்கள். நடித்தவர்களில் பெரும்பாலோரும் கிராசாவும் கொல்லப்பட்டார்கள். மாரிஸ் சென்டாக் படம் வரைந்து 2003-இல் வந்த நூல் வண்ணமயமாக, வேடிக்கையாகவே இருக்கும். அதை நம்பிச் சின்னப் பிள்ளை கையில் தனியாகக் கொடுத்துவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம் அது.

நன்கொடைக் கட்டில் 'டோஸ்கா', 'கார்மென்' மாதிரி வந்திருந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிறுவர் பகுதியில் வைக்காதீர்கள். இரண்டிலும் கொலைதான் கதையின் முடிச்சு. 'மந்திரப் புல்லாங்குழ'லின் பழைய பதிப்புகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மொனோஸ்டாடோஸ் என்ற கறுப்பு வேலைக்காரனைக் கேவலமாக வரைந்திருக்கும் பதிப்புகள் உண்டு. நம் பிள்ளைகளிலும் நிறத்தைச் சொல்லிக் கேலிக்கு ஆளாகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு பதிப்புக்குப் போய்விடலாம்.

இந்த அடுக்கை மேல்நாட்டுச் சரக்காக மட்டும் வைத்தால் ஒரு மாதத்தில் தூசி படிந்துவிடும் என்பது என் எண்ணம். பாடி நடிக்கும் கதை காவிரிக் கரைக்குப் புதிதில்லை. தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமாயணம் முழுவதையும் தரு என்ற நாடகப் பாட்டும் விருத்தமுமாக 'இராம நாடகம்' ஆக்கினார். தியாகராஜர் திருவையாற்றில் 'நௌகா சரித்திரம்', 'பிரகலாத பக்தி விஜயம்' என இரண்டு தெலுங்கு இசை நாடகங்கள் செய்தார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரம்' காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் உதவியோடு அச்சேறியது. இவற்றின் சிறுவர் பதிப்பு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நான்கு பக்கத்தில் நீங்களே கதைச்சுருக்கம் எழுதி, கெட்டி அட்டை போட்டு வைத்துவிடுங்கள்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 'நௌகா சரித்திர'த்தில் கோபியர் கர்வப்படுவது, யமுனையில் புயல், படகில் ஓட்டை, எல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். ஓட்டையை அடைக்கக் கண்ணன் அவர்களின் ஆடையைக் கேட்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடலாம், கதை கெடாது. 'நந்தனார்' விஷயத்தில் அப்படித் தாண்ட முடியாது. சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலியையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரு வேலி என்பது கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி எவ்வளவு என்று உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். அந்த ஆண்டை பாத்திரம் பெரியபுராணத்தில் இல்லை, கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தது. சாதிக் கொடுமையை மழுப்பி "பக்தன் தீயில் இறங்கினான், மோட்சம் போனான்" என்று மட்டும் எழுதினால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

இனி அடுக்கும் முறை. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூவி பகுப்பில் ஓபரா இசை 782.1. மேடையேற்றம் பற்றியது 792.5. நாட்டுப்புறக் கதை 398.2. தமிழ் நாடக இலக்கியம் 894.8112. விதிப்படி போட்டால் ஹான்சல் ஒரு மூலையிலும் இராம நாடகம் இன்னொரு மூலையிலும் போய் உட்காரும். பெரியவர் பகுதியில் அது சரிதான். பத்து வயதுப் பிள்ளை நான்கு அலமாரிக்கு நடக்காது. ஆகவே பகுப்பெண்ணை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள், முன்னால் 'பா' என்று ஓர் எழுத்தைச் சேருங்கள், முதுகில் ஒரே நிறப் பட்டை ஒட்டுங்கள். அந்த நிறம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும். பதிவேட்டிலும் கணினியிலும் இருப்பிடம் என்ற கட்டத்தில் 'பாட்டுக்கதை அடுக்கு' என்று போட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு நூலகர் வந்து கலைக்க நினைத்தாலும் பட்டையைக் கிழித்தால் போதும், எண் பழையபடி வேலை செய்யும். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அவரும் சீர்காழிக்காரர்தான். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வாசகர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போவது டெல்டாவில் பழைய வழக்கம்.

பெயரில்தான் பெரிய சிக்கல் வரும். மொசார்ட், மோட்சார்ட், மோஸார்ட் என்று மூன்று விதமாக எழுதினால் கணினி மூன்று ஆட்களாக எண்ணும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே தலைப்பாக வையுங்கள், மற்றவற்றை 'காண்க' குறிப்பாகச் சேருங்கள். ஓபராவின் பெயருக்கும் அப்படியே. தமிழ்ப் பெயர், ஆங்கில ஒலிப்பு, மூலமொழி ஒலிப்பு மூன்றையும் மாற்றுத் தலைப்பில் ஏற்றிவிட்டால் யார் எப்படித் தேடினாலும் கிடைக்கும். சிடி உள்ள நூலுக்கு ஒரே சேர்க்கை எண் போதும். '1 நூல் + 1 சிடி' என்று பதிவேட்டிலும், திரும்பும் தேதித் தாளிலும் பெரிதாக எழுதுங்கள். தாளில் எழுதாமல் விட்டால் ஆண்டு இருப்பெடுப்பில் சிடி எப்போது யாரிடம் போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சிடி மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், ஈரத்தில் லேபிள் உரிந்து டிரைவுக்குள் சிக்கும். நடுவிலுள்ள கண்ணாடி வளையத்தில் சிடி மார்க்கரால் எண்ணை எழுதினால் போதும்.

ஓபராப் படநூல்கள் பெரும்பாலும் 30 செ.மீ. உயரம் வரை போகும், முதுகோ விரல் அளவுகூட இருக்காது. அடுக்கின் உயரம் 35 செ.மீ. வையுங்கள். முதுகு காட்டி நிறுத்தினால் பிள்ளை கண்ணில் எதுவும் படாது. 90 செ.மீ. பலகையில் மூன்று நூல்களை அட்டை முன்னால் தெரியும்படி சாய்த்து வைத்து, மற்றவற்றை அவற்றுக்குப் பின்னால் அடுக்கி, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மேல் தட்டு 120 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம்.

கதை நேரம் நடத்துவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் கெடுகிறது. வழக்கமாக நடப்பது என்னவென்றால், புத்தகத்தை முழுவதும் படித்துக் காட்டிவிட்டு, கடைசியில் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் ஓபரா போடுவார்கள். பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் வாசலில் இருப்பார்கள். மொத்தம் நாற்பது நிமிடம், மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்தை ஒட்டி. இதற்கு மேல் போகாதீர்கள். படக்காட்சி வேண்டாம், முதல் தடவை ஒலி மட்டும். படம் வந்தால் கண் காதை மூடிவிடும். போனின் ஒலிபெருக்கியில் உச்சக் குரல் கிரீச்சென்று கேட்கும், கீழ்ச் சுரம் காணாமலே போகும். சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கதை சொல்பவருக்குப் பின்னால், உட்கார்ந்த பிள்ளையின் காது உயரத்தில் வையுங்கள். பாட்டு ஓடும்போது மின்விசிறியை ஒரு படி குறையுங்கள், நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.

'மந்திரப் புல்லாங்குழல்' 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் அரங்கேறியது. பாட்டும் வசனமும் எழுதிய ஷிக்கனேடரே பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவனாக மேடையேறினார். இளவரசன் பாம்பைக் கண்டு மயங்கி விழும் வரை கதை சொல்லி நிறுத்துங்கள். "இப்போது ஒருவன் வருகிறான், தான் யாரென்று அவனே பாடிச் சொல்வான்" என்று சொல்லி, பாப்பகேனோவின் நுழைவுப் பாட்டைப் போடுங்கள். பாட்டின் இடையிடையே அவன் கையிலுள்ள குழலில் ஐந்து சுரம் விறுவிறுவென்று ஏறும். பாட்டின் ஆதார சுருதியை ஸட்ஜமாக வைத்தால் அது அப்பட்டமாக ஸ ரி க ம ப, சங்கராபரணத்தின் சுரங்கள். சரளி வரிசை பாடும் பிள்ளை ஒன்று இருந்தால் போதும், அதைப் பாடச் சொல்லுங்கள். இரண்டாம் முறை போடும்போது குழல் வரும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடட்டும். திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சாகித்யம் போட்ட நோட்டு ஸ்வரங்களும் இந்த சங்கராபரண வழியில்தான் போகும். அடுத்த வாரத்துக்கு அதில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

பாத்திரம் தன்னைத் தானே பாடி அறிமுகம் செய்துகொள்வது மெலட்டூரில் ஆண்களே ஆடும் இசை நாடகமான பாகவத மேளாவில் பாத்திரப் பிரவேச தரு என்று இருக்கிறது. இரணியன் வரும்போது அவன் யார், எவ்வளவு வல்லவன் என்று தரு சொல்லும். பாப்பகேனோ செய்வதும் அதுதான், கொஞ்சம் கோமாளித்தனத்தோடு. பிள்ளைகளுக்கு ஓபராவின் இலக்கணம் இந்த ஒரே ஒப்புமையில் பிடிபட்டுவிடும். தனியாக வரையறை சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது பாட்டு இரவு ராணியின் கோபப் பாட்டு. பெண் குரல் எட்ட முடிகிற உச்சத்தை ஒட்டிப் போய்ச் சுரங்களைச் சிதறவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு "இவள் சந்தோஷமா, கோபமா? சொல் புரியாமலே எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். மூன்றாவதாக பாப்பகேனோவும் பாப்பகேனாவும் 'பா பா பா' என்று திக்கித் திக்கிப் பாடும் இணைப்பாட்டு. மொழியே தேவைப்படாத பாட்டு என்பதால் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். முதலில் போட்டால் மற்ற இரண்டும் எடுபடாது.

ஹான்சலைச் சொல்லும்போது ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "பையன் பாட்டை ஏன் அக்கா பாடுறாங்க?" ஹான்சலைப் பெண்தான் பாடுவார், சூனியக்காரியைச் சில அரங்குகளில் ஆண் பாடுவார். நம் பக்கம் நாடகத்தில் பெண் வேடம் போடும் ஸ்திரீபார்ட் ஆண்கள் உண்டு. பாகவத மேளாவில் பிரகலாதனின் தாய் லீலாவதியும் ஆண்தான். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் படத்தில் நந்தனாராகவே நடித்தார். இதைச் சொன்னால் போதும்.

ஓபராவின் பாட்டும் வசனமும் அடங்கிய நூலை லிப்ரெட்டோ என்பார்கள். அந்த இத்தாலியச் சொல்லுக்குக் குட்டிப் புத்தகம் என்று பொருள். ஓபராக்காரர்கள் வாசலில் விற்றது அது. நம் ஸ்பெஷல் நாடகக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகமும் அதே சாதிதான். யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால் வாங்கிக் காகித உறையில் போட்டு வையுங்கள், இரவலுக்கு விடாதீர்கள்.

பொத்தானை அழுத்தினால் பாடும் புத்தகங்கள் நன்கொடையில் கட்டாயம் இருக்கும். உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கிறது. பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். மூடியில் திருகாணி இல்லாத புத்தகத்தை ஏற்கவே வேண்டாம். திருகாணி இருந்தாலும் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அது இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் பாருங்கள். விழுங்கிய சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் நேராக மருத்துவமனைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் பேட்டரியை எடுத்துவிட்டு வைப்பது நல்லது. ஈரத்தில் கசிந்து பச்சை பூத்தால் அந்தப் புத்தகம் அப்புறம் பாடாது.

ஈரம் என்று வந்துவிட்டதால், வடகிழக்குப் பருவமழையில் சுவரை ஒட்டிய அலமாரியில் பூஞ்சை நிச்சயம். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, கீழ்த் தட்டு தரையிலிருந்து 20 செ.மீ. மேலே. பிளாஸ்டிக் உறையை இறுக்கமாக ஒட்டினால் உள்ளே ஈரம் அடைந்துகொள்ளும். கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் போடாதீர்கள், மஞ்சளாகிப் பசை வழியும். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. ஆனால் அது விஷம், சிறுவர் புத்தகத்துக்கு வேண்டாம். வெள்ளைப் பசையே போதும்.

நடுவில் பின் அடித்த மெல்லிய படநூல்கள் நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறி, நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். வந்த உடனேயே பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். நடுப்பக்கத்தை விரித்து மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேல் கீழ் ஓரங்களிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. முதுகின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நூல், மெழுகு தேய்த்தது. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே போய், மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வர வேண்டும். இரண்டு முனையும் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு இருபுறமும் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு நழுவி ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும்.

பிள்ளைகள் நடிக்க ஆசைப்பட்டால் காப்புரிமை குறுக்கே வரும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. மொசார்ட், ஹம்பர்டிங்க், அருணாசலக் கவிராயர், தியாகராஜர் ஆகியோரின் மூலப் படைப்புகளுக்குத் தடையில்லை. 1976-இல் இறந்த ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் சிறுவர் ஓபராக்களுக்கு 2036 முடியும் வரை உரிமை இருக்கிறது. பழைய இசையானாலும் புதிய ஒலிப்பதிவுக்கும், புதிய மொழிபெயர்ப்புக்கும், படநூலின் ஓவியத்துக்கும் தனி உரிமை உண்டு. பக்கங்களை ஜெராக்ஸ் போட்டு விநியோகிப்பது கூடாது.

கடைசியாக, மே மாதத்தில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா நடக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பே பிரகலாதன் கதையைப் படித்து முடித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். ஆட்டம் இரவில் தொடங்கி விடியும்வரை போகும், நரசிம்மர் வரும்போது பெரியவர்களே தூங்கி வழிவார்கள். மதியம் நன்றாகத் தூங்கவைத்துக் கூட்டிப் போங்கள். கோணங்கி ஆடி, கணபதி முகமூடி போட்ட சின்னப் பையன் வந்து, முதல் ஒன்றிரண்டு பிரவேச தரு முடிந்ததும் கிளம்பிவிடலாம். திரும்ப வண்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் பஸ் இருக்காது.